மலையேறும் ஆய்வும் மலையேறாத மருத்துவமும்

ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டை நோக்கிச் செல்பவர்களுக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடர் தெரியும். அதன் அடிவாரமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. கமுனிங், எல்ஃபில் என்று தமிழ் நாவுக்குப் பழகிப்போன தோட்டப் பெயர்கள் அங்கே எத்தனையோ. இன்று அம்மரங்களில் பெரும்பகுதி இல்லை. செம்பனை நிற்கிறது, வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. லயங்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட் புறநகர்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். மாறாமல் இருப்பது மலைதான். அம்மலையில், தமிழன் இம்மண்ணில் கால்வைப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே வாழ்பவர்கள் செமாய், தெமியார் மக்கள்.

நூறாண்டுக்கு மேல் அண்டை வீட்டார். ஆயினும் தோட்டத்துத் தமிழன் அவர்களை அறிந்துகொண்டது எவ்வளவு? பெத்தாயும் டுரியானும் கொண்டுவந்து சாலையோரத்தில் விற்பவர்கள் என்பது ஒன்று. காட்டுவழி தெரிந்தவர்கள் என்பது இன்னொன்று. மற்றபடி, ‘சக்காய்’ என்ற ஒரே சொல்லில் அவர்கள் கதையை முடித்துவிட்டான். அது மலாயில் அடிமை, பிறரை அண்டிப் பிழைப்பவன் என்று இழிபொருள் தரும் சொல் என்பதைப் பலர் அறியார். அறிந்தும் சொல்வோர் உண்டு. ‘கூலி’ என்று தன்னை அழைத்தபோது குமுறிய சமூகம், அதைவிடக் கீழான ஒரு சொல்லை அண்டை வீட்டானுக்குக் கூசாமல் சூட்டியதை என்னவென்பது!

இந்தப் பழைய பழக்கத்தின் தொடர்ச்சிதான் இன்றும் மருத்துவமனை வராந்தாக்களில் கேட்கும் ஒரு வாசகம்: “அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், வந்தாலும் இருக்கமாட்டார்கள், ஓடிவிடுவார்கள்.” மருத்துவர் சொல்கிறார், தாதி சொல்கிறார், வாகன ஓட்டி சொல்கிறார். அவர்களுள் தமிழரும் கணிசமானோர். ஏன் வருவதில்லை என்று கேட்டால் ஒரே விடைதான்: அறியாமை.

யாருடைய அறியாமை என்பதுதான் வழக்கு.

மலையில் ஓர் உட்பகுதிக் கிராமத்திலிருந்து ஒரு கருவுற்ற பெண் இறங்கி வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். மழை பெய்தால் பாதை அறுந்துபோகும். நான்கு சக்கர விசையுந்து கிடைக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கீழே வந்து சேர்ந்தால், வரிசையில் நின்று, தனக்கு இரண்டாம் மொழியான மலாயில், முன்பின் அறியாத ஒருவர் உரத்த குரலில் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். போன மாதம் ஏன் வரவில்லை என்று நாலுபேர் முன்னிலையில் அதட்டு வாங்க வேண்டும். பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று படுக்கையில் கிடத்துவார்கள். கூட வந்த கணவனையும் தாயையும் மூத்த பிள்ளையையும் பார்வை நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்புவார்கள். நகரத்தில் அவர்களுக்கு உறவில்லை, விடுதிக்குக் காசில்லை. பேருந்து நிலையத்தில் படுப்பார்கள். உள்ளே அவள் தனியாக, வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, இரவு முழுவதும் விழித்திருப்பாள். மறுமுறை அவள் வராமல் கிராமத்து மருத்துவச்சியின் கையை நம்பினால், அது அறியாமையா, அனுபவமா?

இதையெல்லாம் கண்டறிய இனிமேல் ஆய்வு நடத்த வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பேராக் மலைகளைப்போல் ஆய்வு செய்யப்பட்ட மலைகள் இந்நாட்டில் குறைவு. தைப்பிங்கிலுள்ள பேராக் அரும்பொருளகத்தின் பணியாளராக 1931-இல் வந்த பாட் நூன், தெமியார் மக்களிடையே வாழ்ந்து, அவர்களுடைய குடியிருப்புகளையும் நலத்தையும் பற்றி 1936-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பேராக்கில் 1939-இல் பூர்வகுடியினர் சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. 1962-இல் அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் செமாய் மக்களிடையே குடியேறி ஆராய்ந்து, 1968-இல் அவர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தெமியாரின் பாட்டையும் மருத்துவத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த மரினா ரோஸ்மனின் நூல் 1991-இல் வந்தது. மருத்துவ அறிஞர்கள் சளைத்தவர்களா? இரத்தத்திலுள்ள ‘ஹீமோகுளோபின் ஈ’ என்ன விழுக்காடு, சிவப்பணுக்கள் நீள்வட்டமாக இருப்பவர் எத்தனை பேர், அந்த வடிவம் மலேரியாவிலிருந்து எவ்வாறு காக்கிறது என்று பல பத்தாண்டுகளாக அளந்திருக்கிறார்கள். குழந்தைகளின் உயரமும் எடையும் அளக்கப்பட்டன. வயிற்றுப் புழுக்கள் எண்ணப்பட்டன. பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெறப்பட்டன. ஊசி ஏந்திய கை மலையேறியது. குருதி நிறைந்த குப்பி மலையிறங்கியது. குப்பி இறங்கிய பாதையில் மருந்து ஏறியதா?

டென்டன் எழுதியவற்றுள் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். செமாய் மக்களிடையே ‘புனான்’ என்றொரு கருத்து உண்டு. ஒருவருடைய விருப்பத்தை முறித்து, அவரை மனக்குறையோடு விட்டுவிட்டால், அவருக்கு விபத்தோ நோயோ வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவர் மனம் ஒப்பாத செயலுக்கு அவரை வற்புறுத்துவதும் அவ்வாறே தீங்கு பயக்கும். ஆகவே அச்சமூகத்தில் தந்தை பிள்ளையைக்கூட வலிந்து ஏவுவதில்லை. ‘மனமில்லை’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. இது ஏதோ கதை கேட்டு மகிழ்வதற்கான செய்தியன்று. ஒவ்வொரு சிகிச்சை அறைக்கும் பொருந்துகிற செய்தி. அதட்டினால் நோயாளி வழிக்கு வருவார் என்று எண்ணுகிற தாதி, அந்த அதட்டலாலேயே நோய் உண்டாகும் என்று நம்புகிறவரின் முன் நின்று அதட்டுகிறாள். ‘அடுத்த மாதம் வருவாயா?’ என்று இறுக்கிக் கேட்டால், கேட்பவர் மனத்தை முறிக்க விரும்பாதவர் ‘வருகிறேன்’ என்றுதான் சொல்வார். பின்னர் வராமல் இருந்தால் பொய்யர் என்று ஏட்டில் எழுதப்படுகிறது. 1968-இல் அச்சாகிவிட்ட செய்தி இது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அதட்டல் ஓயவில்லையென்றால், குறை செமாய்ப் பெண்ணின் கல்வியிலா, மருத்துவக் கல்வியிலா?

தெமியாரின் மருத்துவமோ ஊர் கூடிச் செய்வது. மனிதனின் தலையில் உறையும் உயிர் விலகிப் போவதும் நோய்க்குக் காரணம் என்பர். அதை மீட்டுக் கொணர இரவில் பாட்டு நடக்கும். பாடுபவரைத் தொடர்ந்து பெண்கள் மூங்கிற் குழாய்களைத் தரையில் தட்டித் தாளமிடுவர். நோயாளியின் உற்றார் அனைவரும் சூழ்ந்திருப்பர். இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். ஆனால் திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தைப் படித்த தமிழன் சிரிக்க முடியுமா? நோயாளி, மருத்துவன், மருந்து என்று எண்ணிவந்த வள்ளுவர், அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தல்லவா மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்? நான்கில் ஒன்றைக் கதவுக்கு வெளியே துரத்திவிட்டு மூன்றை வைத்துக்கொண்டு நடத்தும் மருத்துவமனை, வள்ளுவர் கணக்கிலும் ஊனமுற்றதுதான்.

இதற்கு வழியே இல்லை என்று எவரும் சொல்ல முடியாதபடி, வழி ஒன்று இந்நாட்டிலேயே இருந்தது. 1950-களின் இறுதியில் கோம்பாக்கில் பூர்வகுடியினருக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் பிறப்பு தூய அன்பினால் நேர்ந்ததன்று. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து நாட்டில் நெருக்கடி நிலை பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பூர்வகுடியினர் உணவும் வழிகாட்டலும் தருகிறார்கள் என்று கருதிய ஆட்சி, அவர்களை மலையிலிருந்து இறக்கி முள்வேலி முகாம்களில் அடைத்தது. பழகாத வெப்பம், பழகாத உணவு, நெருக்கத்தில் பரவிய நோய்: நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகுதான் அடைத்து வைப்பது பயன்படாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கே மருந்து போக வேண்டும் என்ற ஞானம் வந்தது. காட்டுக் கோட்டைகள் அமைந்தன. மருந்துப் பெட்டியும் வானொலிக் கருவியும் போயின. போர்த் தந்திரமாகப் பிறந்ததுதான் அந்த மருத்துவப் பணி.

ஆயினும் பிறப்பு எவ்வாறாயினும் வளர்ப்பு நன்றாக இருந்தது. மருத்துவர் மால்கம் போல்டன் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். நோயாளியோடு குடும்பமே வந்து தங்கலாம். தங்குவதற்கு இடம் உண்டு. தாதியர், உதவியாளர், வானொலி இயக்குநர் எனப் பணியாளரில் பெரும்பாலோர் பூர்வகுடியினரே. உள்ளே நுழைந்தால் தன் மொழி காதில் விழும். ஆழ்காட்டிலிருந்து வானொலியில் செய்தி வந்தால் ஹெலிகாப்டர் போகும். ‘வரமாட்டார்கள்’ என்று சொல்லப்படும் அதே மக்கள் அங்கே வந்தார்கள்! குறைகள் இல்லாமல் இல்லை. பேராக்கின் மேட்டுநிலத்துக்குக் கோம்பாக் தொலைவு. எல்லா முடிவும் மேலிருந்து வந்தது. 1950-களில் தோன்றிய பூர்வகுடியினர் துறைக்கு ஒரு பூர்வகுடி மகன் தலைமை இயக்குநராக வர 2010-களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே போதும், யார் யாரை ஆண்டார் என்பதற்கு. 2010-களின் தொடக்கத்தில் மருத்துவப் பணி சுகாதார அமைச்சுக்கு மாறியது. மருத்துவரும் கருவியும் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால் அம்மாற்றத்தை வரவேற்றவர்கள் தவறு செய்யவில்லை. ஆனால் கோம்பாக்கின் நல்ல மூன்று வழக்கங்களை, அதாவது உறவினர் உடனிருத்தல், சொந்த மொழி, சொந்த மக்களே பணியாளர் என்பவற்றை, ஈப்போவிலும் தாப்பாவிலும் கிரிக்கிலும் உள்ள ஒவ்வொரு வார்டுக்கும் கொண்டுபோவதல்லவா மாற்றத்தின் பயனாக இருந்திருக்க வேண்டும்?

தமிழ்ச் சமூகம் இங்கே கண்ணாடி பார்த்துக்கொள்வது நல்லது. ஆய்வுக்குப் பொருளாகிப் போனவர்களின் வரலாறு அதற்கும் உண்டு. 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை ஆராய்ந்த மால்கம் வாட்சன், பின்னர் ஒரு விந்தையைக் கண்டார். சமவெளியில் காட்டை வெட்டிச் சேற்றை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத்தில் காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடியது. தெளிந்த, வெயில்பட்ட ஓடைநீரில் வளரும் வேறொரு கொசு அங்கே குடியேறியதுதான் காரணம். மலைச்சரிவில் பால்மரம் நட வெட்டிய கத்தியே கொசுவுக்கும் வாசல் திறந்தது என்று பொருள். அந்தக் காய்ச்சலில் மடிந்த தமிழனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டிய கொய்னாவின் கசப்புத்தான். விழுங்கினானா, துப்பினானா என்று பார்க்கக் கிராணி நின்றான். ஏன், எதற்கு என்று சொல்ல எவனும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவன் நடந்து திரும்பமாட்டான் என்று லயங்களில் பேசிக்கொண்ட காலமும் ஒன்று இருந்தது. அன்று துரை தன் நாட்குறிப்பில் தமிழனைப் பற்றி என்ன எழுதியிருப்பான்? ‘வரமாட்டார்கள், வந்தாலும் ஓடிவிடுவார்கள்’ என்பதைத் தவிர வேறென்ன எழுதியிருக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. பெரிபெரி என்னும் கொடுநோய் மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோரைத் தின்ற காலத்தில், தோட்டத்துத் தமிழர்களை அது பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்டவர்க்கு நோய் வருகிறது. தமிழர் உண்ணும் புழுங்கலரிசி நோயைத் தடுக்கிறது என்று 1907-இல் நூலே எழுதினார். காரணத்தை அவர் தவறாகக் கணித்தார் என்றாலும், பின்வந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் தவிட்டோடு போய்விடும் சத்தே நோய்க்கும் நலத்துக்கும் நடுவிலிருந்தது என்று நிறுவினார்கள். இத்துறையில் முன்னோடியான எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக நெல்லை அவித்துக் காயவைத்த தமிழ்ப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அவள் ‘பழக்கம்’ என்று மட்டும் குறிக்கப்பட்டாள். அவள் அறிவு அறிவாகக் குறிக்கப்படவில்லை.

போல்டன் நல்லவர்தான். அவரே 1972-இல் ஓர் ஊட்டவியல் இதழில், பூர்வகுடியினரின் உணவு விலக்குகளைப் பற்றி எழுதியபோது, தலைப்பிலேயே அவற்றை ஊட்டத்துக்கு நேரக்கூடிய ஆபத்து என்று குறித்தார். கருவுற்றவளுக்கும் சிறு குழந்தைக்கும் இன்ன இறைச்சி ஆகாது, இன்ன மீன் ஆகாது என்னும் விலக்குகள் சத்துக் குறைவை உண்டாக்கலாம் என்பது உண்மையே. ஆனால் தமிழ்த் தாதி ஒருத்தி அக்கட்டுரையை ஏந்தி அவர்களைக் கடிந்துகொள்வாளானால், பிள்ளை பெற்ற தன் மகளுக்கு வீட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்க வேண்டும். காயம் அரைத்துக் கொடுப்பதும், இன்னின்ன காய்கறி ஆகாது என்று ஒதுக்குவதும், தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதும் என்ன? நம் வீட்டில் செய்தால் பத்தியம். அவர்கள் குடிசையில் செய்தால் மூடத்தனம். இந்த இரட்டைத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் எவருக்கும் ஊட்டவியல் கற்பிக்க முடியாது.

தராசு கோணினால் உயிர் போகும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2019-ஆம் ஆண்டு நடுவில் கிளந்தானின் கோலா கோ கிராமத்தில் பத்தேக் மக்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபின்புதான் நாடு திரும்பிப் பார்த்தது. இனந்தெரியாத நோய் என்றனர். பின்னர் அது தட்டம்மை என்று தெரிந்தது. தடுப்பூசியால் வெல்லப்பட்டுப் பல்லாண்டாகிய தட்டம்மை! தடுப்பூசி அக்குழந்தைகளுள் பலரை முழுமையாகச் சென்று சேர்ந்திருக்கவில்லை. ‘அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று காரணம் சொல்லப்பட்டது. நடமாடி வாழும் மக்கள் என்பதை ஆய்வுலகம் அறிந்து நூறாண்டாயிற்று. நடமாடும் மக்களுக்கு நடமாடும் ஊசி வேண்டும் என்று சிந்திக்க இன்னும் எத்தனை ஆய்வு வேண்டும்?

உலகில் வேறிடங்களில் இக்கேள்வி வழக்குமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990 முதல் குருதி கொடுத்தனர். அதே குருதியை மனநோய், மூதாதையர் குடிப்பெயர்வு முதலிய வேறு ஆய்வுகளுக்கும் அவர்கள் அறியாமல் பயன்படுத்தியது பின்னர் தெரியவந்தது. வழக்குத் தொடுத்தனர். 2010-இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய குருதியையும் திருப்பிக் கொடுத்தது. குருதி அறிவியலுக்கு ஒரு பொருள். அம்மக்களுக்கு மூதாதையர் உறவு. பேராக்கில் எடுத்த குருதிக் குப்பிகள் இன்று எந்தக் குளிர்ப்பெட்டிகளில் இருக்கின்றன என்று கொடுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறதா?

நியூசிலாந்தில் மௌரி இனத்துத் தாதியான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980-களின் இறுதியில் ஒரு புதுக் கருத்தை முன்வைத்தார். ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று அதற்குப் பெயர். மௌரி வழக்கங்களைத் தாதியர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தாதி முதலில் தன்னைத்தான் ஆராய வேண்டும்: தன் இனம், தன் அதிகாரம், தன் முன்முடிவுகள் ஆகியவற்றை. ஒரு சேவை பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதை அளிப்பவருக்கு இல்லை, பெறுபவருக்கே உண்டு என்றார். 1992-இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. மறு ஆண்டே செய்தித்தாள்கள் பாய்ந்து குதறின. தாதியர் படிப்பு கெட்டுவிட்டது என்று அலறினார்கள். மன்றம் அதைக் கைவிடவில்லை.

இக்கருத்து இந்நாட்டுக்கு வரும்போது என்ன ஆகும் என்று அஞ்சுவதற்கு இடமிருக்கிறது. மருத்துவமனை முகப்பில் மூங்கில் வேலைப்பாடு தொங்கும். ஆண்டுக்கொரு முறை தெமியார் நடனம் நடக்கும். அமைச்சர் தலையில் ஓலைக் கிரீடம் சூட்டிப் படம் எடுப்பார்கள். மாடியில் அதே அதட்டல் நடந்துகொண்டிருக்கும். பண்பாட்டை அலங்காரமாக மாற்றுவதில் வல்லவர்கள் நாம். பொங்கல் விழாவில் மாட்டுவண்டி நிறுத்திவிட்டுத் தமிழ்ப்பள்ளியை மறந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

உண்மையாகச் செய்தவர்களும் உண்டு. மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும், கோண்டு மக்கள் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று அவர்களையே கேட்டார்கள். பெரிய கட்டடம் அச்சமூட்டுகிறது. வெள்ளை உடை பிணத்தின் துணியை நினைவூட்டுகிறது. உறவினரை உள்ளே விடுவதில்லை என்று விடை வந்தது. கேட்டதோடு நிற்காமல், கோண்டு கிராமத்தைப் போலவே குடில்களாக மருத்துவமனையைக் கட்டினார்கள். அம்மக்களின் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரைச் சூட்டினார்கள். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே பேணச் செய்தார்கள். பச்சிளங் குழந்தை இறப்பு பாதிக்கு மேல் குறைந்ததை 1999-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பின்னர் இந்திய அரசே அம்முறையை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலும் குறைவில்லை. நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகளே நிருவாகத்தில் அமர்ந்து, அவர்கள் பெண்களே தாதியராகப் பணியாற்றும் மருத்துவமனை 1990 முதல் நடக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையருகே சிட்டிலிங்கியில் 1993 முதல் பழங்குடிப் பெண்கள் மருத்துவப் பணியாளராக நின்று குழந்தை இறப்பை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஊசி போடலாமா என்று அங்கும் கேட்டிருப்பார்கள். குழந்தைகள் பிழைத்தன.

மறுப்புகள் எழும். மருத்துவர் பற்றாக்குறை இருக்கையில் மூங்கிற் பாட்டுக்கு இடம் தேடுவதா என்பார்கள். மருத்துவர் பற்றாக்குறை உண்மையே. ஆனால் கணவனைக் கட்டிலருகே இருக்கவிட எத்தனை மருத்துவர் வேண்டும்? செமாய் பேசும் ஓர் உதவியாளரை வைக்க எத்தனை கோடி வேண்டும்? வானொலியில் செமாய், தெமியார் மொழிகளில் ஒலிபரப்பு நடக்கிறது; ஊதியம் கொடுத்து அறிவிப்பாளர் வைக்க முடிந்த நாட்டில், ஊதியம் கொடுத்து மொழிபெயர்ப்பாளர் வைக்க முடியாதா? பண்பாடு பேசினால் தடுப்பூசி தாமதமாகும் என்பது மற்றொரு மறுப்பு. கோலா கோவில் தாமதப்படுத்தியது எது என்று அவர்கள் விளக்கட்டும்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைப் பூர்வகுடித் தலைவர்களே சொல்கிறார்கள். வேட்டைக் காடும் ஆறும் மரம் வெட்டுவோர் கையில் போனபின், வெள்ளரிசியும் சர்க்கரையும் டின் மீனும் உணவாகிப் போனபின், மருத்துவமனை எவ்வளவு கனிவாக நடந்தால் என்ன என்று கேட்கிறார்கள். மரவள்ளியும் மீனும் கீரையும் உண்ட மக்களுக்கு இன்று நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதே ஆய்வுகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் பதிவாகியிருக்கிறது. 2018-லும் 2019-லும் கிரிக் வட்டாரத்துத் தெமியார் மக்கள் மரம் ஏற்றும் வண்டிகளை மறித்துத் தடுப்பு அமைத்தார்கள். அந்தத் தடுப்பும் ஒரு சுகாதார நடவடிக்கைதான். எந்தச் சுகாதார அறிக்கையும் அதை அவ்வாறு எழுதாது என்பது வேறு. 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் சட்டப்படி அவர்கள் நிலம் அரசின் தயவில் நிற்கிறது. நிலமில்லாமல் நலமில்லை என்ற வாதம் முழுக்க முழுக்கச் சரி. ஆனால் நிலம் கிடைக்கும்வரை பிரசவம் காத்திராது.

ஆய்வு பயனாக மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் தோட்டமே கற்பித்திருக்கிறது. பராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தோளில் சுமந்து தெளித்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர். நகம் கழன்றது; மூக்கில் இரத்தம் வந்தது; கண் எரிந்தது. டிரஸ்ஸரிடம் போனால் களிம்பு கொடுத்து வேலைக்கு அனுப்பினார். தெனாகனிதா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அப்பெண்களையே துணைகொண்டு நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அரசு தடை அறிவித்தது. 2006-இல் தோட்ட முதலாளிகளின் குரலுக்குச் செவிசாய்த்துத் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத்தடை வந்தது. 18 ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அந்த ஆய்வு சாகாமல் இருந்ததற்குக் காரணம், தெளித்த பெண்கள் அதைத் தங்களுடையது என்று கருதி விடாமல் பேசியதுதான். ஆராயப்பட்டவர்கள் கையில் ஆய்வு இருந்தது.

செமாய், தெமியார் மக்களின் கையில் எந்த ஆய்வு இருக்கிறது? அவர்களைப் பற்றிய ஏடுகள் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கின்றன. அவற்றின் சாரத்தைச் செமாய் மொழியில் ஒரு கிராமத்து மண்டபத்தில் அமர்ந்து சொல்லி, ‘இது சரியா? இதை வைத்து என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்காத ஆய்வாளருக்கு அடுத்த ஆய்வுக்கு அனுமதி தரக்கூடாது. அனுமதி தருவோர் குழுவில் அதிகாரிகளோடு அம்மக்களின் பெண்களும் உட்கார வேண்டும். மருத்துவச்சியும் உட்கார வேண்டும். குருதி எடுத்தால் அது எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்படும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வார்டு பாதுகாப்பானதா என்பதை ஆண்டுதோறும் ஈப்போ அலுவலகம் மதிப்பிடுவதற்கு முன், அங்கே படுத்து எழுந்தவர்கள் மதிப்பிட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் முன்பே பெயரோடு தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆணை கோலாலம்பூரிலிருந்து வரட்டும் என்று காத்திருப்போரும் காத்திருக்கட்டும். பேராக்கின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் பணியாற்றும் தமிழ்த் தாதியர், மருத்துவ உதவியாளர், மருத்துவர் பலர் லயத்துப் பிள்ளைகள். பெரட்டில் கொய்னா விழுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். பார்வை நேரம் முடிந்ததும் கதவைச் சாத்தும் சாவி அவர்களுள் பலர் கையிலும் இருக்கிறது. ‘சக்காய்’ என்ற சொல்லை அடுத்த முறை பணியறையில் எவராவது சொன்னால், அந்தக் கணத்தில் அதைத் தடுத்துச் சொல்லவும், கட்டிலருகே ஒரு பாய் விரித்து அந்தத் தாயின் தாயை அன்றிரவு இருக்கச் சொல்லவும், அவர்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.